ஒரு கருப்பு வேட்டியும் பதினோரு மூட்டைக் காப்பியும்

கருப்பு என்ன நிறம் என்று யாராவது கேட்டால் நான் இப்போதெல்லாம் சட்டென்று பதில் சொல்வதில்லை. ஒருமுறை சொல்லிப் பட்டுவிட்டேன். நான் மட்டும் பட்டிருந்தால் பரவாயில்லை. பதினோரு மூட்டைக் காப்பியும், மாலை போட்ட ஒரு மனிதரின் மாற்று வேட்டியும், ஒரு பெண்ணின் சொல்லும் என்னோடு சேர்ந்து பட்டன. இந்தக் கதையை என் அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும் அவருடைய கைச்சரக்கு கொஞ்சம் கூடுகிறது. (போன தீபாவளிக்கு மூட்டை இருபதாகியிருந்தது.) அதனால் நடந்ததை நானே எழுதிவிடுவது நல்லது.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. சேலத்தில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. டிவிக்கு முன்னால் நின்று நாம் ஆடினால் திரையில் பொம்மையும் கூடவே ஆடுமே, அந்த விளையாட்டுக்கென்று வந்த கேமரா ஒன்றைப் பழைய சாமான் கடையில் பிடித்திருந்தேன். அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசும். எதிரே இருப்பதன் மேல் பட்டு ஒளி திரும்பி வருவதை வைத்து, அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்லும். தூரம் சொல்வதுதான் அதன் வேலை. ஆனால் எவ்வளவு ஒளி திரும்பி வந்தது என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடும். நான் பிடித்துக்கொண்டு தொங்கியது அந்தப் போகிற போக்கைத்தான்.

ஈரமான பொருள் ஒளியைக் குறைவாகத் திருப்பி அனுப்பும். காய்ந்தது கூடுதலாக அனுப்பும். (நனைந்த சிமெண்ட் தரை கருத்துப் போவதைப் பார்த்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை.) ஏற்காட்டு மலையில் காப்பிப் பழத்தைத் தோலுரித்து, கழுவி, கொட்டையை ஓட்டோடு களத்தில் காயப்போடுவார்கள். பார்ச்மெண்ட் என்பார்கள். அது பதமாகக் காய்ந்ததா என்பதைப் பல்லில் கடித்துப் பார்த்துச் சொல்வார்கள். என் கேமரா கடிக்காமலே சொல்லும் என்பது என் ஆராய்ச்சி. இதை நான் சொன்னபோது என் பேராசிரியர் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துவிட்டு, சரி செய் என்றார்.

ஒரு சிக்கல் உண்டு. கேமரா தருவது வெறும் எண். அந்த எண் நிறைய ஒளியா, கொஞ்சம் ஒளியா என்று அதற்கே தெரியாது. அதனால் முதலில் இரண்டு பலகைகளை அதற்குக் காட்ட வேண்டும். இதுதான் வெள்ளை, வந்த ஒளியெல்லாம் திரும்பும். இதுதான் கருப்பு, எதுவும் திரும்பாது. இந்த இரண்டுக்கும் நடுவில் மற்றதையெல்லாம் அது பொருத்திக்கொள்ளும். தராசுக்குப் படிக்கல் மாதிரி. படிக்கல் தப்பென்றால் அப்புறம் கடவுளே வந்து நிறுத்தாலும் எடை தப்புத்தான்.

வெள்ளைக்கென்று விற்கும் பலகையின் விலையைக் கேட்டுவிட்டு நான் அந்தப் பக்கமே போகவில்லை. குழாய் மரையில் சுற்றுகிற வெள்ளை டேப் இருக்கிறதல்லவா, அதை ஒட்டுப்பலகையில் பல அடுக்காகச் சுற்றினால் அகச்சிவப்பில் அருமையான வெள்ளை. அப்பாவுக்குச் சேலத்தில் ஹார்டுவேர் கடை. கடையில் இருந்த டேப் சுருள்களையெல்லாம் எடுத்துச் சுற்றிவிட்டேன். “ஊட்டுக் குழாய் ஒழுகுது, அதுக்குச் சுத்த ஆள் இல்ல. பலகைக்குச் சுத்துறா பாரு” என்றார் அம்மா. கருப்புக்கு மட்டும் ஆய்வகத்தில் இருந்த நல்ல பலகையைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

சேலம் பஸ் ஸ்டாண்டில் ஏற்காடு பஸ்ஸுக்கு அடிதடி. ஜன்னல் வழியாக எதையாவது சீட்டில் போட்டால்தான் இடம். கையில் அகப்பட்டதைப் போட்டேன். அது அந்தக் கருப்புப் பலகை. இடம் கிடைத்தது. இருபது கொண்டை ஊசி வளைவும் முடிந்து இறங்கும்போது எனக்குத் தலை எது கால் எது என்று தெரியவில்லை. கேமராவை எடுத்தேன், லேப்டாப்பை எடுத்தேன், வெள்ளைப் பலகையை எடுத்தேன். இடம் பிடித்துக் கொடுத்த பலகை மட்டும் சீட்டுக்கடியில் தன் பயணத்தைத் தொடர்ந்தது.

கொட்டச்சேடு பக்கம் ஓர் எஸ்டேட். அதன் முதலாளி அதிகம் பேசாத மனிதர். “இன்னிக்கு உங்க மெசின் சரியாச் சொல்லட்டும். அப்புறம் சீசன் முடியற வரைக்கும் களம் உங்களுதுதானுங்க” என்றிருந்தார். சொல்லாவிட்டால் அடுத்த அறுவடை அடுத்த வருஷம்தான். அவர் எனக்காகச் சுலபமான பரீட்சையாகவே பார்த்து வைத்திருந்தார். களத்தின் ஓரத்தில் தைத்து அடுக்கிய பதினோரு மூட்டைகள். காய்ந்தாகிவிட்டது, மத்தியானம் டெம்போவில், ஓடு நீக்கித் தரம் பிரிக்கிற கியூரிங் ஆலைக்குப் போகிறது. அதிலிருந்து ஒரு கை எடுத்து, காய்ந்ததுதான் என்று மெசின் சொல்ல வேண்டும். விடையைச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்கிற வாத்தியார் யாருக்குக் கிடைப்பார்?

மூட்டைகள் வள்ளியக்காவுடையவை. செம்மநத்தத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். சரிவில் இரண்டு ஏக்கர் காப்பி வைத்திருந்தார். காயப்போடச் சமதளம் கிடையாது என்பதால் எஸ்டேட் களத்தில் ஓர் ஓரத்தைப் பயன்படுத்திக்கொள்வார். பதிலுக்கு, எஸ்டேட் காப்பி காய்ந்ததா என்று கடித்துப் பார்த்துச் சொல்வதும் அவர்தான். அவர் சொன்னால் மூட்டை கட்டுவார்கள், சொல்லாவிட்டால் கட்ட மாட்டார்கள். அந்தப் பதினோரு மூட்டையும் அவருடைய ஒரு வருஷத்து விளைச்சல் என்று எனக்கும் சொன்னார்கள். நான் தலையாட்டிவிட்டுக் கேமராவுக்கு ஒயர் மாட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் பையில் கருப்புப் பலகை இல்லை என்று தெரிந்தது. சுற்றும் முற்றும் பார்த்தேன். எஸ்டேட் ரைட்டர் கோவிந்தன் கணக்கு நோட்டோடு வந்துகொண்டிருந்தார். கழுத்தில் மாலை, நெற்றியில் சந்தனம், இடுப்பில் கருகருவென்று வேட்டி. கார்த்திகையில் மாலை போட்டவர். கொடியில் அவருடைய மாற்று வேட்டி ஒன்றும் அதே கருப்பில் காய்ந்துகொண்டிருந்தது.

“ரைட்டர் சார், அந்த வேட்டியைக் கொஞ்சம் கொடுப்பீங்களா?”

அவர் கொடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “வேட்டிங்களா சாமி? எதுக்குங்க?”

“மெசினுக்குக் கருப்புன்னா என்னன்னு காட்டணும்.”

மாலை போட்டவர் எதையும் இல்லை என்று சொல்லக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். “கீழ மட்டும் போட்ராதீங்க சாமி. விரதத்துக்குக் கட்டுற துணிங்க. கால் படக் கூடாது.” நானும் பயபக்தியோடு வாங்கி ஒரு பலகையில் இறுக்கிக் கட்டினேன். அறிவியலும் ஆன்மிகமும் இவ்வளவு மரியாதையாக அதற்கு முன் சந்தித்திருக்காது.

வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு என்பதால் எல்லாவற்றையும் குடோன் தாழ்வாரத்து நிழலில் வைத்தேன். வெள்ளையைக் காட்டினேன், இதுதான் வெள்ளை என்றேன். வேட்டியைக் காட்டினேன், இதுதான் கருப்பு என்றேன். கேமரா மறுபேச்சுப் பேசவில்லை. கேமராவின் படமும் திரையில் ஓடினால் என் பழைய லேப்டாப் திணறும் என்று படத்தை மூடிவிட்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டேன். (இந்த ஒரு காரியத்துக்காக இன்றைக்கும் சுவரில் முட்டிக்கொள்ளலாம்.)

முதலில், காலையில் கழுவிய ஈரக் கொட்டையை முறத்தில் வைத்துப் பார்த்தேன். மைனஸில் எண் வந்தது. அதாவது அந்தக் கொட்டை, தன்மேல் விழுந்த ஒளியைவிட அதிகமாக விழுங்கிவிட்டதாம். எந்தப் பொருளாலும் அது முடியாது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகூடச் சிரிக்கும். நான் சிரிக்கவில்லை. அவ்வளவு ஈரம் போலிருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்து வள்ளியக்காவின் மூட்டையிலிருந்து ஒரு கை. எண் கீழேயே நின்றது. தள்ளி வைத்துப் பார்த்தேன், கிட்டே வைத்துப் பார்த்தேன். அதே கதைதான்.

“என்ன சொல்லுதுங்க?” என்றார் முதலாளி.

“ஈரம்னு சொல்லுது சார்.”

வள்ளியக்கா முன்னால் வந்தார். முறத்திலிருந்து ஒரு கொட்டையை எடுத்துக் கடித்தார். டக்கென்று சத்தம் எனக்கே கேட்டது. “ஏனுங்க மேடம், இதுங்களா ஈரம்? ஒம்பது நாள் வெயிலு பாத்த காப்பிங்க இது. இதுக்கு மேல காஞ்சா ஒடஞ்சு போயிருமுங்க.”

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். இன்னொரு தடவை பார்க்கிறேன் என்றிருக்கலாம். ஆனால் முதலாளி நிற்கிறார், என் சீசன் நிற்கிறது, ஆராய்ச்சி மாணவி என்ற பட்டம் வேறு தலைக்குள் நிற்கிறது. “அக்கா, பல்லுக்குக் கொட்டையோட மேல்பக்கம் மட்டும்தான் தெரியும். மெசின் பொய் சொல்லாது” என்றேன். சொன்னது நான்தான். அப்பாவின் கைச்சரக்கு இல்லை.

வள்ளியக்கா முதலாளியின் முகத்தைப் பார்த்தார். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, “ஈரத்தோட போனா அங்க பூஞ்சை புடிச்சிரும். எதுக்கு வம்பு, இன்னொரு வெயிலு காட்டிரலாமுங்க” என்றார். அத்தனை வருஷத்தில் வள்ளியக்கா சொல்லுக்கு மறுசொல் விழுந்தது அன்றைக்குத்தானாம். டெம்போ மற்றவர்கள் மூட்டையை ஏற்றிக்கொண்டு, இனி அடுத்த வாரம்தான் என்று ஹாரன் அடித்துவிட்டுப் போனது. பதினோரு மூட்டையையும் தையல் பிரித்துக் களத்தில் கொட்டினார்கள். கொட்டும்போது அது கலகலவென்று சத்தம் போட்டது. ஈரக் காப்பி அப்படிச் சத்தம் போடாது என்று எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

இரண்டு மணிக்குச் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவிலிருந்து மூடுபனி இறங்கியது, மலையில் மஞ்சு என்பார்கள். மஞ்சுதானே என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே தூறல் விழுந்து, தூறல் மழையானது. தார்ப்பாயெல்லாம் எஸ்டேட் காப்பியின் மேல் கிடந்தது. வள்ளியக்கா காப்பி இந்நேரம் மலையிறங்கியிருக்க வேண்டியது என்பதால் அதற்கென்று ஒன்றும் எடுத்து வைக்கவில்லை. எல்லோரும் ஓடினோம். பலகையால் தள்ளினோம், கையால் வாரினோம், சாக்கால் மூடினோம். நான் என் துப்பட்டாவை விரித்தேன். அது மூடிய இடம் ஒரு முறம் அளவு இருக்கும்.

அப்போது ரைட்டர் தாழ்வாரத்துக்கு ஓடினார். பலகையிலிருந்து தன் விரத வேட்டியை உருவிக்கொண்டு வந்து, குவியலின் மேல் விரித்தார். கீழே போடாதீர்கள் என்றவர், அதன் ஓரத்தைத் தானே காலால் மிதித்து நிறுத்தினார். “சாமி தப்பா நெனைக்க மாட்டாருங்க” என்று யாரும் கேட்காமலே சொன்னார்.

பாதிக்கு மேல் நனைந்துவிட்டது. தாழ்வாரத்தில் எல்லோரும் சொட்டச் சொட்ட நின்றோம். முதலாளி மெதுவாக, “எப்படியோ, மெசின் ஈரம்னு சொன்னது சரியாப் போச்சு” என்றார்.

“ஆமாங்க, இப்ப ஈரந்தானுங்க” என்றார் ரைட்டர். அவர் குத்திக் காட்டவில்லை. அவருக்கு அப்படிப் பேசத் தெரியாது. அதனாலேயே எனக்கு அதிகமாகக் குத்தியது.

மழையில் அணைந்துவிட்டதோ என்று பயந்து லேப்டாப்பைத் திறந்தேன். கேமரா மறுபடி ஓடத் தொடங்கியது. இந்த முறை மூடி வைத்திருந்த படமும் சேர்ந்து திறந்தது. திரையில் நாங்கள் எல்லோரும் கருப்பு வெள்ளையில் நின்றோம். வள்ளியக்கா சும்மா எட்டிப் பார்த்தார்.

“ரைட்டரு எப்பங்க வெள்ளை வேட்டி மாத்துனாரு?” என்றார்.

ரைட்டர் குனிந்து இடுப்பைப் பார்த்தார். கருப்பு. திரையைப் பார்த்தார். சலவைக்குப் போட்டு எடுத்த மாதிரி பளபளவென்று வெள்ளை. “அய்யப்பா” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. துணிக்குப் போடும் கருப்புச் சாயம் நம் கண்ணுக்குத்தான் கருப்பு. அகச்சிவப்புக்கு அது ஒன்றுமே இல்லை. ஒளி சாயத்தைக் கண்டுகொள்ளாமல் நூலில் பட்டுத் திரும்பி வந்துவிடும். வெளுத்த ஒரு வேட்டியைக் காட்டி, இதுதான் உலகத்திலேயே பெரிய கருப்பு என்று மெசினுக்குச் சொல்லியிருக்கிறேன். அதுவும் நம்பி, அதைவிடக் கொஞ்சமே வெளுப்பாக இருந்த காப்பியையெல்லாம் ஈரம் என்றிருக்கிறது. மெசின் பொய் சொல்லவில்லை. அதற்குப் பொய் சொல்லிக் கொடுத்தது நான்.

இனி நான் சொல்வது அப்பாவுக்குக்கூட முழுதாகத் தெரியாது. அங்கே வேறு யாருக்கும் எதுவும் புரியவில்லை. கேமராவில் அப்படித்தான் தெரியும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். காப்பி இப்போது ஈரம். காலையில் காய்ந்திருந்ததா என்று இனி யாராலும் நிரூபிக்க முடியாது. என் சீசன் எனக்குக் கிடைத்துவிடும். “கேமரால அப்படித்தான் தெரியும்” என்று சொல்லியும் விட்டேன். வள்ளியக்கா சரி என்று நகர்ந்து போய், குவியலோரத்தில் உட்கார்ந்து, கைக்குக் கிடைத்த கொட்டைகளைச் சேலைத் தலைப்பால் ஒவ்வொன்றாகத் துடைக்கத் தொடங்கினார். அத்தனை காப்பியை அப்படித் துடைத்து முடிக்க முடியாது என்று அவருக்கும் தெரியும். கை சும்மா இருக்க முடியாமல் துடைத்துக்கொண்டிருந்தார்.

என்னால் பார்க்க முடியவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “அக்கா, உங்க காப்பி காலைல காஞ்சுதான் இருந்துச்சு. வேட்டியைக் கருப்புன்னு நெனச்சு மெசினைத் தப்பா வச்சுட்டேன். தப்பு என்னோடது” என்றேன். குரல் கம்மியாகத்தான் வந்தது.

அவர் துடைப்பதை நிறுத்தினார். “அப்ப நான் சொன்னது சரிதானுங்களா?”

“சரிதாங்க்கா.”

“முதலாளி கேக்கற மாதிரி சத்தமாச் சொல்லுங்க.”

எழுந்து நின்று சொன்னேன். மழைச் சத்தத்துக்கு மேலே, களத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, வள்ளியக்கா சொன்னதுதான் சரி என்று சொன்னேன். பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டியில்கூட அவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை. முதலாளி என்னைப் பார்த்தார். வள்ளியக்காவிடம் திரும்பி, “தப்பு நடந்து போச்சுங்க வள்ளி” என்றார். பிறகு என்னிடம், “மெசினக் கட்டி வச்சிருங்க” என்றார்.

“அவங்கள அனுப்பிராதீங்க” என்றார் வள்ளியக்கா. “இத மறுபடி காய வெக்க ஆள் வேணுமில்லங்க?”

ஐந்து நாள் செம்மநத்தத்தில் அவர் வீட்டில் தங்கி, தினமும் களத்துக்கு நடந்து வந்து காப்பி கிளறினேன். கைப்பிடி வைத்த மரப்பலகையால் தள்ளித் தள்ளி உள்ளங்கை இரண்டும் கொப்புளமானது. முதல் இரண்டு நாள் அவருக்கு நான் மேடம்தான். என்மேல் கோபம் தீரவில்லை, அதை மறைக்கவும் இல்லை. மூன்றாம் நாள் என் கையைப் பார்த்துவிட்டு, “என்ன கண்ணு இது, கொண்டா இங்க” என்று தேங்காய் எண்ணெய் தடவினார். அன்றிலிருந்து கண்ணுதான்.

அந்த நாட்களில் எனக்கொரு வியாதி பிடித்திருந்தது. எதைக் கருப்பாகப் பார்த்தாலும் கேமராவைத் திருப்புவேன். குடை வெள்ளையாகத் தெரிந்தது. ஸ்கூல் பை வெள்ளை. என் தலைமுடியே நரைத்துப்போய்த் தெரிந்தது. இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த வள்ளியக்கா விறகடுப்பிலிருந்து சோத்துக் குண்டாவை இறக்கினார். “கருப்பு வேணும்னா இத பாரு கண்ணு. இதுக்கு மேல கருப்பு எங்க ஊட்டுல இல்ல.”

குண்டாவின் அடியைக் கேமராவுக்குக் காட்டினேன். திரையில் ஒரு ஓட்டை விழுந்த மாதிரி கருப்பு. கரி எந்த ஒளிக்கும் கரிதான். நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. “அக்கா, இந்தக் குண்டாவைத் தேய்க்கவே தேய்க்காதீங்க. நான் சொல்ற வரைக்கும் இந்தக் கரி அப்படியே இருக்கணும்” என்றேன். அவர் சிரித்துவிட்டுச் சரி என்றார்.

ஐந்தாம் நாள் குண்டாவைச் சாட்சி வைத்து அளந்தபோது மெசின், காய்ந்துவிட்டது என்றது. வள்ளியக்கா ஒரு கொட்டையைக் கடித்தார். “இன்னும் ஒரு வெயிலு வேணும் கண்ணு” என்றார். முதலாளி என்னைப் பார்த்தார். “ஒரு வெயில் வைங்க சார்” என்றேன். அந்தப் பதிலுக்காகத்தான் எனக்குச் சீசன் கிடைத்தது என்று நினைக்கிறேன். இரண்டு மூட்டையில் மட்டும் வாசம் மாறிவிட்டது. மற்றது நல்லபடியாகப் போனது. அந்த இரண்டில் ஒன்றை எங்கள் வீட்டுக்கு வாங்கிக்கொண்டு, ஒரு வருஷம் கொஞ்சம் பாசி வாசத்தோடு காப்பி குடித்தோம். அம்மா ஒவ்வொரு டம்ளரையும் நீட்டும்போது, “குடிடி, நீ கண்டுபுடிச்ச காப்பி” என்பார்.

வேலை முடிந்தது. ஆய்வேடு கொடுத்தேன். வாய்மொழித் தேர்வில் வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர், உங்கள் கருப்புப் பலகை எங்கே வாங்கியது என்று கேட்டார். செம்மநத்தம் வள்ளியக்கா வீட்டுச் சோத்துக் குண்டா என்றேன். அறை சிரித்து ஓய்வதற்கு நேரமானது. முனைவர் பட்டத்தோடு வேலை, கல்யாணம் என்று நாட்கள் ஓடின.

போன கார்த்திகையில் நான் அம்மா வீட்டுக்கு வந்திருந்தபோது வள்ளியக்காவிடமிருந்து போன் வந்தது. ரைட்டர் இந்த வருஷமும் மாலை போட்டுவிட்டார் என்றார். வேட்டி என்ன நிறம் என்று களத்தில் எல்லோரும் அவரைக் கேட்டு ஓட்டுகிறார்களாம். காப்பி இந்த முறை பதினாலு மூட்டை வரும் என்றார்.

“கண்ணு, ஒண்ணு கேக்கட்டுமா? அந்தக் குண்டாவ இனித் தேய்க்கலாமா?”

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. வேலை முடிந்துவிட்டது என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை. சொல்கிற வரைக்கும் தேய்க்காதீர்கள் என்றேன், மூன்று வருஷமாக அவர் தேய்க்கவில்லை.

“நீ ஒரு சொல்லுச் சொல்லிட்டுப் போயிருக்கறே, நான் எப்புடிக் கண்ணு தேய்க்கறது? ஊட்டுக்கு வர்ற சொந்தமெல்லாம், ஒரு குண்டாவ வெளக்கக் கூடவா இவளுக்கு ஒடம்பு வணங்காதுன்னு பேசுறாங்க. நாத்தனா நேரடியாவே கேட்டுட்டா. ஆராய்ச்சிக்கு வச்சிருக்கேன்னு சொன்னா நம்ப மாட்டேங்கறா. அவ இங்கதான் பக்கத்துல நிக்கறா.”

“அய்யோ அக்கா, என் தப்புத்தான். தேய்ச்சுருங்க” என்றேன்.

“இரு கண்ணு, ஸ்பீக்கர்ல போடறேன். அவ கேக்கற மாதிரி சத்தமாச் சொல்லு.”

சொன்னேன். எங்கள் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். உள்ளே இருந்த அப்பாவுக்கும் கேட்டது. அன்று சாயங்காலமே கடைக்கு வந்தவர்களிடம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அவர் கணக்கில் குண்டா இப்போது ஏழு வருஷமாகத் தேய்க்காமல் இருக்கிறது.